ஒரு புள்ளியின் விலை

மோட்டார்க் காரை உயிராக நேசித்த ஆங்கிலப் பந்தய வீரர் ஸ்டேர்லிங் மொஸ், 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி, தொண்ணூறு வயதில் மறைந்தார். 1955இல் இத்தாலியில் ஏறத்தாழ ஆயிரம் மைலைப் பத்து மணி எட்டு நிமிடத்துக்குள் ஓடி வென்றவர் அவர். எனினும், வேகத்துக்காக மட்டும் நாம் அவரை நினைப்பதில்லை.

1958இல் போர்த்துக்கல் பந்தயத்தில், உலக வீரர் பட்டத்துக்குத் தம்மோடு போட்டியிட்ட மைக் ஹோதோர்னை நடுவர்கள் விலக்க முற்பட்டனர். அவர்மீது குற்றமில்லை என்று சாட்சி கூறியவர் மொஸ். ஆண்டிறுதியில் ஒரேயொரு புள்ளியால் பட்டம் ஹோதோர்னைச் சேர்ந்தது; மொஸ் அதனை என்றுமே பெற்றாரல்லர்.

ஆயினும், 1980இல் மணந்த மனைவியோடு இறுதிவரை இல்லறம் நடத்தினார். 81 வயது வரை பழைய கார்ப் பந்தயங்களில் ஓட்டி, அன்பர்களோடு அளவளாவி மகிழ்ந்தார்.

மாணவர்களே, முதலிடம் பெற்றோர் பலர். எதிராளிக்காக நீதி பேசியோர் சிலரே.