ரத்தத்துக்கு ஒரு புது வேலை

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் டேனரிக்கு வந்து சேரும் ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுவார்கள். முடியும் மேல்தோலும் கழன்றுவிடும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையை வழித்தெடுத்த பிறகு மிஞ்சுவது நடுத்தோல். கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் அடுக்கு அது. பதனிட்டு, சாயமேற்றி, ஷூவாகத் தைத்துக் கப்பலேற்றுவதெல்லாம் அந்தப் பின்னலைத்தான்.

அதைப் பின்னியவை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள். ஆடு உயிரோடு இருந்தவரை அந்தச் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் முழு ஆட்டுக்குமான மரபணுக்கள் இருந்தன. கண்ணுக்கு வேண்டிய புரதம், பாலுக்கு வேண்டிய புரதம், அடிபட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் புரதம் என எல்லாவற்றையும் செய்வதற்கான குறிப்பு அதனிடம் இருந்தது. ஆனாலும் அவற்றில் பலவற்றை அந்தச் செல் ஒருநாளும் திறக்கவில்லை. ஒற்றைச் செல்லாகத் தொடங்கும் கரு கண்ணாகவும் கல்லீரலாகவும் தோலாகவும் பிரிவது, எந்தச் செல்லில் எந்த மரபணு திறக்கும், எது மூடிக்கிடக்கும் என்பதைப் பொறுத்தது. கருவியலின் மையக் கேள்வியே இதுதான். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று, இதே தோல் தொழில் வட்டாரத்தில் இருக்கும் வேலூரில் மருந்தாகியிருக்கிறது.

நோயின் பெயர் ஹீமோபிலியா ஏ. ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் ஒன்றான ஃபேக்டர் 8 இந்த நோயுள்ளவர்கள் உடலில் போதிய அளவு உருவாகாது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஆணுக்கு ஒன்றுதான். ஆகவே பிறக்கும் ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. வெளியே தெரியும் வெட்டுக்காயத்தைவிட இவர்களை அதிகம் வதைப்பது மூட்டுக்குள் நடக்கும் கசிவு. முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மாறி மாறி வீங்கும். ஒவ்வொரு கசிவும் மூட்டைக் கொஞ்சம் அரித்துவிட்டுப் போகும். பள்ளி வயதில் ஓடிய பையன் இருபது வயதில் நொண்டுவது இப்படித்தான். ஊசியில் ஏற்றும் ஃபேக்டர் 8 அரை நாளில் பாதியாகக் குறைந்துவிடுவதால், கசிவு வராமல் தடுக்க வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும், ஆயுள் முழுக்க. வெட்டுக்கத்தியோடும் தையல் எந்திரத்தோடும் பிழைக்கும் ஒரு வட்டாரத்தில் அந்தச் செலவை எத்தனை வீடுகள் தாங்கும்?

ஆரோக்கியமான உடலில் ஃபேக்டர் 8 எங்கே உருவாகிறது? பெரும்பகுதி கல்லீரலில். ஆனால் கல்லீரலின் முக்கிய வேலைகளைச் செய்யும் பெரிய செல்களில் இல்லை. அங்கே ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் படர்ந்திருக்கும் எண்டோதீலியல் செல்களில். ரத்தத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும் சுவர்ச் செல்கள் இவை.

இந்தச் சுவருக்கும் ரத்தத்துக்கும் உள்ள உறவு, நமக்கு நினைவில்லாத ஒரு காலத்தில் தொடங்குகிறது. கரு உருவாகி சுமார் நான்கு வாரம். உருவம் அரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். முதுகுப்புறமாக ஓடும் பெருந்தமனியின் உட்சுவரில் சில எண்டோதீலியல் செல்கள் தங்கள் பக்கத்துச் செல்களோடு இருந்த பிடியை விடுகின்றன. சுவருக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றாக மூட, ரத்தத்துக்கான மரபணுக்கள் திறக்கின்றன. செல் உருண்டு, பிதுங்கி, சுவரிலிருந்து கழன்று ஓட்டத்தில் சேர்கிறது. அந்தக் கணத்திலிருந்து அது ரத்த ஸ்டெம் செல், அதாவது எல்லா ரத்த அணுக்களுக்கும் மூலச் செல். 2010இல், ஒளி ஊடுருவும் வரிக்குதிரை மீன் கருக்களில் ஆய்வாளர்கள் இந்தப் பிரிவை நிகழும்போதே நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். எலியிலும் அதே ஆண்டில் பார்த்தார்கள். அப்படிக் கழன்ற செல்கள் கருவின் கல்லீரலில் போய்த் தங்கிப் பெருகுகின்றன. பிறப்பதற்கு முன்பே எலும்பு மஜ்ஜைக்குக் குடிபெயர்ந்துவிடுகின்றன. இன்று நம் உடலில் நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள் உருவாகின்றன என்றால், அவற்றின் முன்னோர் ஒரு காலத்தில் தமனிச் சுவராக இருந்தவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எண்டோதீலியல் செல் ஃபேக்டர் 8 மரபணுவைத் திறக்கும். அதே குலத்தில் பிறந்த ரத்தச் செல்களோ அந்த வேலையைச் செய்வதில்லை. செய்யவைக்க முடியுமா?

முடியும் என்று காட்டியவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், 2005இல் அதன் பாகாயம் வளாகத்தில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து தொடங்கப்பட்ட ஸ்டெம் செல் ஆய்வு மையமும். ஆய்வை வழிநடத்தியவர் ரத்தவியல் மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவா. மரபணுவைச் சுமக்கும் ஊர்தி அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் டிரென்ட் ஸ்பென்சர், கிறிஸ்டோபர் டோயரிங் ஆகியோரின் குழுவில் உருவானது.

நோயாளிக்குச் சில நாள் ஊசி போட்டு, மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். ஆய்வகத்தில் அவற்றுக்குள் ஃபேக்டர் 8 மரபணுவை நுழைக்கிறார்கள். வலிமையான மருந்துகளால் மஜ்ஜையில் இடம் ஒழித்து, செல்களை அவருக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். அவருடைய செல்களே என்பதால் வேறொரு கொடையாளரைத் தேட வேண்டியதில்லை. இயற்கையில் அந்த மரபணு சுமார் 1,86,000 எழுத்து நீளம். ஊர்தியால் பத்தாயிரத்துக்கு மேல் சுமக்க இயலாது. எனவே இன்றியமையாத பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பன்றியின் ஃபேக்டர் 8 செல்லைவிட்டு எளிதாக வெளியேறும் தன்மை உடையது. அதிலிருந்து சில பகுதிகளையும் சேர்த்தார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் அழகாகத் தெரிவது அந்த மரபணுவின் முன்னால் பொருத்திய திறப்பான். சிடி68 என்ற மரபணுவிலிருந்து எடுத்தது அது. ரத்த ஸ்டெம் செல்லின் வாரிசுகளில் மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணு வரிசையில்தான் நன்றாகத் திறக்கும். ஃபேக்டர் 8 பெரிய, மடிக்கக் கடினமான புரதம். அதை ஸ்டெம் செல்லே வடித்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெரும் சுமை. ஆகவே மரபணு ஸ்டெம் செல்லுக்குள் மூடியபடியே காத்திருக்கிறது. பேரப்பிள்ளைத் தலைமுறையில் மோனோசைட் பிறந்த பிறகு திறக்கிறது. எந்தச் செல்லில் எது திறக்கும் என்று கரு வளரும்போது இயற்கை கையாளும் அதே ஒழுங்கைத்தான் மருத்துவர்கள் இங்கே கைக்கொண்டார்கள்.

அந்த ஊர்தி யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எய்ட்ஸை உண்டாக்கும் எச்ஐவியிலிருந்து, நோய் உண்டாக்கும் பகுதிகளையும் பெருகும் திறனையும் நீக்கிச் செய்தது. செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே மரபணுவைத் தைத்துவிடும் அதன் ஆற்றலை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த வைரஸுக்கும் வேலூருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்ற மாணவி திரட்டிய ரத்த மாதிரிகளை, வைரஸ் வல்லுநர் ஜேக்கப் ஜான் பணியாற்றிய இதே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில்தான் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்ஐவி தெரிந்தது. இந்தியாவில் அந்த வைரஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான். அதே 1986இல் ரத்தவியல் மருத்துவர் மாமன் சாண்டி தலைமையில் அந்த மருத்துவமனையின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் நடந்தது. ஒரே ஆண்டில் ஒரே மருத்துவமனைக்கு வந்த அச்சமும் நம்பிக்கையும், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரே குப்பிக்குள் சேர்ந்தன.

முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தன. 22 முதல் 41 வயது வரையிலான ஐந்து ஆண்கள். ஐவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 81 மாதக் கண்காணிப்பு. ஓர் ஆண்டுக்கு இத்தனை கசிவு என்று கணக்கிடும் விகிதம் ஐவருக்கும் பூஜ்யம். முதல் இருவருக்கு ஃபேக்டர் 8 குறைவாகவே உயர்ந்தது. அடுத்த மூவருக்கு, மரபணு கூடுதலாக நுழைய உதவும் ஒரு பொருளைச் சேர்த்தார்கள். அவர்களிடம் அளவு தெளிவாகக் கூடியது. ரத்தத்தில் இருக்க வேண்டிய ஃபேக்டர் 8இல் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாததைத்தான் கடுமையான ஹீமோபிலியா என்கிறார்கள். எனவே சிறிய ஏற்றமும் பெரிய விடுதலை.

வேறு இடங்களில் கல்லீரலுக்கே மரபணுவை அனுப்பும் சிகிச்சைகளும் வந்துவிட்டன. அவற்றில் மரபணு பெரும்பாலும் குரோமோசோமில் சேராமல் தனியாகக் கிடக்கும். செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும். வளரும் குழந்தைக்கு அது பெரிய குறை. ஸ்டெம் செல்லில் தைத்த மரபணு பிரிவுதோறும் வாரிசுகளுக்குப் போய்ச் சேரும்.

அதே தையலில் ஆபத்தும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் பாரிஸில், வேறு வகை வைரஸ் ஊர்தியால் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்கு, புற்றுநோயைத் தூண்டும் மரபணுவுக்கு அருகில் தையல் விழுந்து ரத்தப் புற்று வந்தது. இன்றைய ஊர்திகள் அந்தப் பாடத்துக்குப் பிறகு மாற்றி அமைக்கப்பட்டவை. ஆனாலும் இத்தகைய சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது இன்றைய நெறி. மஜ்ஜையில் இடம் ஒழிக்கும் மருந்துகளும் லேசானவை அல்ல. அந்த வாரங்களில் நோயாளி எளிதில் தொற்றுக்கு ஆளாவார். பிற்பாடு குழந்தைப்பேறும் பாதிக்கப்படலாம். ஐந்து பேர் என்பது ஒரு தொடக்கம்தான். ஊர்தியை இந்தியாவிலேயே தயாரித்து, மேலும் பலரிடம் சோதிப்பதுதான் அடுத்த கட்டம் என்று அரசு அறிவித்திருக்கிறது. விலை குறைய அதைவிட்டால் வேறு வழியில்லை.