உங்களுக்குத் தெரியுமா? கோழிக்கொட்டிலில் ஒரு சித்திரசாலை

1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் ஆங்கில மாது, தமது 48-ஆம் பிராயத்தில் புதல்வியும் மருமகனும் பரிசாக அளித்த புகைப்படப் பெட்டியைக் கைக்கொண்டு, வைட் தீவிலிருந்த தம் இல்லத்துக் கோழிக்கொட்டிலைச் சித்திரசாலையாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் ரசாயனத் திரவத்தைப் பூசி, அது உலருமுன்னரே படமெடுத்துக் கழுவிவிட வேண்டிய காலம் அது. எதிரே அமர்ந்தவரோ நிமிஷக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். அந்தத் தண்டனைக்கு வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரும், நடிகை எல்லன் டெர்ரியும், கேமரனின் சகோதரியின் மகளும் பிற்காலத்தில் எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் தாயுமான ஜூலியா ஜாக்ஸனும் பேதமின்றி உட்பட்டனர்; அவர்களுள் மாதாவின் திருக்கோலம் பலமுறை வாய்த்தது அந்தப் பணிப்பெண்ணுக்கே. படங்கள் மங்கலாயிருக்கின்றன என்று அக்காலத்துப் புகைப்பட நிபுணர்கள் பரிகசித்தார்கள். (கூர்மையொன்றையே கலையென்று கொள்ளும் அந்தப் பிரமை இன்றும் தீர்ந்தபாடில்லை.)

1875-இல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர், 1879-இல் அங்கேயே காலமாகும் வரை, களுத்துறைப் பக்கத்து உழைப்பாளி மக்களையும் படமெடுத்தார். விருந்தினராக வந்த தாவர ஓவியர் மேரியன் நார்த்தும் தப்பவில்லை: 96 டிகிரி உச்சிவெயிலில் காஷ்மீரக் கம்பளி ஆடை போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்றின் முனைகள் தலையில் குத்த நிறுத்திவைத்து, இயல்பாக இருக்கும்படி வேறு கட்டளையிட்டாராம்!