பைக் ஸ்டாண்டு வாங்கப் போறீங்களா? முதல்ல வாசல் தரையைப் பாருங்க!

பொன்னேரியில் பைக் இல்லாமல் பலருக்கு வேலை நாள் ஓடாது. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், இன்னொரு பக்கம் மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி. ஷிஃப்டு முடியும் நேரத்துக்கு எல்லா நாளும் ரயில் கிடைத்துவிடாது. மழைக்காலச் சேறு, நெடுஞ்சாலை லாரிகள் கிளப்பும் புழுதி, பழவேற்காடு பக்கமிருந்து வரும் உப்புக்காற்று மூன்றும் சேர்ந்து முதலில் பதம் பார்ப்பது செயினைத்தான்.

செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும் என்றால், பின்சக்கரம் தரையைத் தொடாமல் கையால் சுற்றும்படி இருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு உள்ள பைக் என்றால் கவலையே இல்லை. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் ஆர்15, டியூக் மாதிரியான பைக்குகளில் அது கிடையாது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து, அடியில் அரைச் செங்கல்லைச் செருகி வேலை பார்க்கிற வீடுகளும் உண்டு. பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும் வாசலில் அதைச் செய்யவே கூடாது. ஸ்பிளெண்டரே சுமார் 112 கிலோ. கிளாசிக் 350 என்றால் 195 கிலோ!

கடையில் ஸ்டாண்டு கேட்டால், “500 கிலோ தாங்கும்” என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அது இரும்பின் பலம். பைக் சாயாமல் நிற்குமா என்பது வேறு கேள்வி. ஸ்டாண்டின் கால்கள் எவ்வளவு அகலமாக ஊன்றியிருக்கின்றன, அது பைக்கை எந்த இடத்தில் தாங்குகிறது என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கும்.

வீட்டுக்குப் பொருத்தமானது, பின்சக்கரத்தைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டு. பைக்கின் இரு பக்கமும் ஸ்விங் ஆர்மில் ஸ்பூல் எனப்படும் உருளைகளை மாட்டி, அதைக் கொக்கியால் தூக்குவது ஒரு வகை. ரப்பர் வைத்த ‘எல்’ வடிவத் தாங்கியால் ஸ்விங் ஆர்மின் அடியைத் தாங்குவது இன்னொன்று. ஸ்பூல் போடத் துளை இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். நழுவும் வாய்ப்பு குறைவு. திருகு அளவு பைக்குக்கு பைக் 6, 8, 10 மில்லிமீட்டர் என்று மாறும். பார்க்காமல் வாங்கினால் திரும்பவும் கடைக்கு அலைய வேண்டியதுதான்.

இன்ஜினுக்கு அடியில் வைத்துத் தூக்கும் கத்தரி ஜாக்கியும் கிடைக்கிறது. அதற்குக் கீழே தட்டையான ஃபிரேம் குழாய்கள் வேண்டும். பல்சர் என்எஸ்200 போல சைலென்சர் இன்ஜினுக்கு அடியிலேயே இருந்தால் ஜாக்கி முட்டுவது அதில்தான். மெக்கானிக் கடைகளில் இருக்கும் ஹைட்ராலிக் மேடை, செயினுக்கு எண்ணெய் விட மட்டும் என்றால் வீட்டுக்கு அதிகம். அப்படியும் வாங்குவதாக இருந்தால், முன்சக்கரக் கவ்வியும், ஆயில் இறங்கினாலும் மேடை இறங்காதபடி பிடிக்கும் பூட்டுக்கம்பியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி தரை. நம்மூர் போர்டிகோக்கள் மழைத்தண்ணீர் வடிய வாசலை நோக்கிச் சரிவாகவே போடப்படுகின்றன. சென்டர் ஸ்டாண்டிலிருந்து பைக் இறங்குவது முன்பக்கமாகத்தான். அதனால் முன்சக்கரம் மேட்டுப் பக்கம், அதாவது வீட்டைப் பார்த்து இருக்கட்டும். பேடாக் ஸ்டாண்டு என்றால், தூக்கும் முன்பே முன்பிரேக் லிவரை ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டால் பைக் உருளாது. பேவர் பிளாக், மண் தரை என்றால் அடியில் கனமான பிளைவுட் பலகை தேவை. ஈர டைல்ஸில் வேண்டவே வேண்டாம்.

பைக்கை நிமிர்த்தி, ஸ்டாண்டை மாட்டும் அந்தச் சில விநாடிகள்தான் ஆபத்தானவை. சைடு ஸ்டாண்டும் இல்லை, பேடாக் ஸ்டாண்டும் இன்னும் பிடிக்கவில்லை. பழகும்வரை ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இன்னொருவர் ஸ்டாண்டை அழுத்துவது நல்லது. சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால் அச்சு நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் பலம் கொடுத்தால் பைக்கே சாய்ந்துவிடலாம்.

சக்கரம் தூக்கிய பிறகு, இன்ஜினை ஓடவிட்டு கியரில் செயினைத் துடைப்பது பலருக்கு வழக்கம். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். துணி செயினில் மாட்டினால் அதோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும். இயந்திரத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஒரு விரல் போனால் என்னவாகும் என்பது சிப்காட் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும். பத்து நிமிட வேலை.

இன்னொன்று. வீட்டில் இந்த ஸ்டாண்டு மாதத்துக்குச் சில முறைதான் வெளியே வரும். தெருவில் நாலு பேர் ஸ்பூல் மாட்டியிருந்தால், அகலத்தை மாற்றி வைக்கிற ஒரே ஸ்டாண்டு நாலு வீட்டுக்கும் போதும்.