நாலாம் நம்பருக்கு இரண்டு பேர்

நான் பிறந்தது சித்தூரில். அங்கிருந்து வேலூர் பக்கம், திருப்பதி தூரம். ஆனாலும் பிழைப்பு என்னைத் தூரத்துக்குத்தான் இழுத்து வந்தது. திருப்பதியில் குடியேறி இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு என்று ஒரு வம்புதும்பு இல்லாமல் காலம் போய்க்கொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டு உலகக் கோப்பை கிரிக்கெட் வந்தது; வாசற்படிக்கு உள்ளேயே தகராறும் வந்தது.

தகராறு ஒரே ஓர் இடத்தைப் பற்றியது. இந்திய அணியில் நாலாவதாக மட்டை பிடிக்கப் போகிறவர் யார்? குண்டூர்க்காரர் அம்பதி ராயுடுவா, நம் தமிழ்நாட்டு விஜய் சங்கரா?

கிரிக்கெட்டில் அக்கறை இல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ரோஹித் சர்மா, ஷிகர் தவன், விராட் கோலி என்று முதல் மூன்று இடங்களில் ஆள் நிலையாக இருந்தார்கள். நாலாமவர் பாடுதான் சங்கடம். முதல் மூவர் நன்றாக ஆடினால் முப்பது ஓவருக்கு மேல் உள்ளே போய், போன கையோடு அடிக்க வேண்டும். அவர்கள் சட்டென்று ஆட்டமிழந்தால் ஐந்தாவது ஓவரிலேயே போய்ப் பொறுமையாக நின்று காப்பாற்ற வேண்டும். கல்யாணவீட்டில் பந்தி விசாரிக்கிற மாமா மாதிரி: கூட்டம் குறைந்தாலும் அவர் தலையில்தான், கூடினாலும் அவர் தலையில்தான். 2015 உலகக் கோப்பைக்குப் பிறகு பத்துப் பேருக்கு மேல் அந்த இடத்தில் ஆடவைத்துப் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் ஒட்டவில்லை.

ராயுடு ஒட்டினார். 2018 அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக விசாகப்பட்டினத்தில் 73, மும்பையில் 100. இனி உலகக் கோப்பை வரை இவரைத்தான் நம்பப் போகிறோம் என்கிற மாதிரி கோலியே பேசினார். எங்கள் பக்கத்து வீட்டு மாஸ்டாரு (ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், என்னைத் தம்பியாகவே நடத்துகிறவர்) மதில் மேல் சாய்ந்துகொண்டு, "மன வாடு, தம்முடூ!" என்றார். தெலுங்கில் 'மா வாடு' என்றால் எங்கள் ஆள், உன்னைச் சேர்க்காமல். 'மன வாடு' என்றால் நம் ஆள், நீயும் சேர்ந்து. எங்க, நம்ம என்று நாம் பிரிக்கிறோமே, அதே கணக்குதான். மாஸ்டாரு என்னைச் சேர்த்துத்தான் சொன்னார். நான்தான் மனசுக்குள் சேரவில்லை. எனக்கு விஜய் சங்கர்.

இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்த நாள் 2019 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. வெலிங்டனில் நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டம். காலைக் காப்பி ஆறுவதற்குள் இந்தியா 18 ரன்னுக்கு நாலு விக்கெட். அப்போது ஜோடி சேர்ந்தார்கள் ராயுடுவும் விஜய் சங்கரும். இருவரும் சேர்த்தது 98. விஜய் சங்கர் 45ல் ரன் அவுட். ராயுடு 90. இந்தியா 252 எடுத்து 35 ரன்னில் ஜெயித்தது. அன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் மாஸ்டாரு, என் மகன், நான் மூவருக்கும் ஒரே கட்சி.

ஒரே மாதத்தில் கதை திரும்பிவிட்டது. ஆஸ்திரேலியா இங்கே வந்தபோது ராயுடு எடுத்தவை 13, 18, 2. அவ்வளவுதான், அடுத்த ஆட்டத்தில் இடம் இல்லை. விஜய் சங்கரோ நாக்பூரில் 46 அடித்தார். கடைசி ஓவரில் ஆஸ்திரேலியாவுக்கு 11 ரன் தேவைப்பட்ட நேரத்தில் பந்தை அவரிடம் கொடுத்தார்கள். மூன்றே பந்தில் இரண்டு விக்கெட் எடுத்து ஆட்டத்தை முடித்தார். நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

எங்கள் வீட்டில் யுகாதியும் உண்டு, தமிழ்ப் புத்தாண்டும் உண்டு. அந்த ஆண்டு எட்டே நாள் இடைவெளியில் இரண்டு முறை வேப்பம்பூப் பச்சடி. மறுநாள் ஏப்ரல் 15, அணியின் பதினைந்து பேரை அறிவித்தார்கள். விஜய் சங்கர் உள்ளே, ராயுடு வெளியே. மட்டை, பந்து, பீல்டிங் என்று விஜய் சங்கரிடம் முப்பரிமாணம் இருக்கிறது என்று காரணம் சொன்னார் தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத். அவரும் குண்டூர்க்காரர் என்பதைக் கவனியுங்கள்; ஊர்ப்பாசம் என்று யாரும் வாய் திறக்க வழியில்லை. ராயுடுவின் பந்து வீசும் முறை பற்றி ஜனவரியில் புகார் எழுந்து, பரிசோதனைக்கு அவர் போகாததால், அவர் பந்து வீசத் தடை இருந்தது. உலகக் கோப்பை பார்க்கப் புதிதாக முப்பரிமாணக் கண்ணாடி வாங்கச் சொல்லியிருக்கிறேன் என்று மறுநாள் கிண்டலாக எழுதினார் ராயுடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகன் சிரிக்கவில்லை. அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. பிறந்தது, படித்தது எல்லாம் திருப்பதி. "உங்க ஆள் போறான்ல, சந்தோஷமா இருங்க" என்றான்.

உங்க ஆள். அந்த ஒரு வார்த்தை எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் தரவில்லை. நான் எதையும் பிரித்துச் சொன்னதாக நினைவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்?

என் மனைவி மட்டும் தெளிவாக இருந்தாள். அந்த மாதம் ஐ.பி.எல். நடந்துகொண்டிருந்தது. ராயுடு சென்னை அணியின் மஞ்சள் சட்டையில், விஜய் சங்கர் ஹைதராபாத் அணியில். "இதுல யாரு யாரோட ஆளு? முதல்ல அதைச் சொல்லிட்டுச் சண்டை போடுங்க" என்றாள்.

ஜூன் 16, மான்செஸ்டர், பாகிஸ்தானுடன் ஆட்டம். காயம்பட்ட புவனேஷ்வர் குமாரின் ஓவரை முடிக்க வந்த விஜய் சங்கர், உலகக் கோப்பையில் தான் வீசிய முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தார். சித்தூரிலிருந்து அக்கா அனுப்பியிருந்த மாம்பழக் கூடையில் பாதி அன்று தெருவுக்கே போனது. அதன்பின் ஆப்கானிஸ்தானுடன் 29, மேற்கிந்தியத் தீவுகளுடன் 14. பிறகு கால்விரல் காயம். ஜூலை 1ஆம் தேதி போட்டியை விட்டே விலக வேண்டியதாயிற்று.

மாற்று வீரர் பட்டியலில் ராயுடு இருந்தார். இனி அவர்தான் என்று என் மகனும் மாஸ்டாரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் நானும். அழைத்ததோ அதுவரை ஒரே ஒரு ஒருநாள் ஆட்டம்கூட ஆடியிராத மயங்க் அகர்வாலை. ஜூலை 3ல் ராயுடு ஓய்வு அறிவித்தார். முப்பத்து மூன்று வயது. 2015 உலகக் கோப்பை அணியில் இருந்தும் ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்பியவர் அவர்.

ஏப்ரலில் விஜய் சங்கரை எடுத்ததை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். ஜூலையில் ராயுடுவைக் கூப்பிடாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சித்தூரில் படித்த காலத்தில் கல்லூரி அணிக்குப் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் தூக்கியவன் நான். ஒருவனுக்கு அடிபட்டபோது என்னைத் தாண்டி வேறொருவனைக் கூப்பிட்டார்கள். கையில் இருந்த கூஜாவின் கனம் இன்னும் நினைவிருக்கிறது.

அரையிறுதியில் நியூசிலாந்திடம் 5 ரன்னுக்கு மூன்று விக்கெட் போய், கடைசியில் 18 ரன்னில் தோற்றோம். யாரும் யாரையும் குத்திக்காட்டவில்லை. என் மகனிடம், "ராயுடு இருந்திருக்கணும்டா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் டி.வி.யை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அடுத்த மாதமே ராயுடு ஓய்வைத் திரும்பப் பெற்றாலும், இந்திய அணியில் இருவருமே அப்புறம் ஆடவில்லை. ராயுடுவின் கணக்கு 55 ஒருநாள் ஆட்டம், 1,694 ரன், சராசரி 47. விஜய் சங்கருக்கு 12 ஆட்டம்தான்.

2023 மே மாத ஐ.பி.எல். இறுதி ஆட்டம் மழையால் நள்ளிரவைத் தாண்டிப் போனது. எதிரணி குஜராத், விஜய் சங்கர் அப்போது அந்த அணிக்காரர். ராயுடுவுக்கு அது கடைசி ஆட்டம், எட்டுப் பந்தில் 19. சென்னை ஜெயித்தது. கோப்பையை வாங்கத் தோனி ராயுடுவையும் ஜடேஜாவையும் முன்னே அழைத்தார். ஊரே தூங்குகிற நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது.

"எவரி வாடு, தம்முடூ?" என்று குரல் வந்தது. யாருடைய ஆள் என்கிறார்.

"மன வாடே, அண்ணா" என்றேன்.

"விஜய் சங்கரு கூட மன வாடே. பாவம்" என்று சொல்லிவிட்டு மாஸ்டாரு விளக்கை அணைத்தார்.