லூபெரோன் மலைநாட்டின் அமைதியான சைக்கிள் பாதைகள்

சைக்கிளில் ஏறி ஒருவர் மனம்போல் நெடுந்தூரம் சென்றுவர வேண்டுமானால், அவருக்கு இன்றியமையாதவை மூன்று. கால்களுக்கு ஏற்ற சாலை வேண்டும். இடையிடையே குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். பின்னால் விரைந்து வரும் பெருவண்டிகளைப் பற்றிய அச்சம் இல்லாதிருக்க வேண்டும். முதல் இரண்டும் உலகின் பல பகுதிகளில் எளிதாகக் கிடைக்கின்றன. மூன்றாவது அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்றாவது வசதியை ஒரு மலைநாட்டு மக்கள் எவ்வாறு பெற்றார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிரான்சு நாட்டின் தென்கிழக்கில், மார்சேய் துறைமுகத்திற்கு வடக்கே, புரோவான்ஸ் என்னும் நிலப்பகுதி இருக்கிறது. அங்கே கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பது லூபெரோன் மலைத்தொடர். அதன் வடபுறத்தில் கலவோன் என்னும் சிற்றாறும், தென்புறத்தில் துரான்ஸ் என்னும் பேராறும் ஓடுகின்றன. மலையின் மிக உயர்ந்த சிகரமான மூர் நேக்ரு 1,125 மீட்டர் உயரமே உடையது. இமயத்தையோ நீலகிரியையோ கண்டவர்களுக்கு இது சிறு குன்றாகவே தோன்றும். ஆயினும், மத்தியதரைக் கடற்பகுதிக்கே உரிய வறண்ட கோடையும், தைம், ரோஸ்மேரி முதலிய மணச்செடிகள் அடர்ந்த புதர்க்காடும், குன்றுகளின் உச்சியில் கல்லால் அமைந்த சிற்றூர்களும் இம்மலைக்குத் தனி அழகைத் தருகின்றன.

1977ஆம் ஆண்டில் இப்பகுதி 'வட்டார இயற்கைப் பூங்கா' என அறிவிக்கப்பட்டது. 1997இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. பூங்கா என்றதும் வேலியிட்ட தோட்டத்தையோ, மனிதர் நுழையக் கூடாத சரணாலயத்தையோ நேயர்கள் எண்ணிக்கொள்ள வேண்டா. பிரெஞ்சு அரசு 1967இல் வகுத்த இவ்வேற்பாட்டின்படி, மக்கள் குடியிருந்து, உழுது, வாணிகம் செய்யும் நிலமே பூங்காவாகிறது. ஏறத்தாழ 1,85,000 ஹெக்டேர் பரப்பில் அமைந்த எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் தாமே ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டு, தம் நிலத்தையும் நீரையும் கட்டடங்களையும் இன்ன முறையில் காப்போம் என்று உறுதி கூறுகின்றன. காவலரின் தடியைக் காட்டிலும் ஊராரின் இசைவையே இம்முறை பெரிதும் நம்பியிருக்கிறது.

இப்பூங்காவைச் சுற்றிவர ஏறத்தாழ 236 கிலோமீட்டர் நீளமுள்ள சைக்கிள் பாதை ஒன்று குறியிடப்பட்டிருக்கிறது. இதற்கெனப் புதிய சாலை ஏதும் போடவில்லை என்பதே இதன் சிறப்பு. பெருவண்டிகள் பள்ளத்தாக்கிலுள்ள நெடுஞ்சாலைகளில் செல்கின்றன. ஊருக்கு ஊர் செல்லும் பழைய சிறு சாலைகளைத் தேர்ந்தெடுத்து, சந்திதோறும் வழிகாட்டும் பலகை நட்டு, ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். கவையோன் நகரில் புறப்பட்டு, மலையின் வடபுறமாக ஆப்ட் நகரையும் ஃபோர்கால்கியே நகரையும் அடைந்து, மனோஸ்க் வழியாகத் திரும்பி, தென்புறச் சிற்றூர்களைக் கண்டு மீண்டும் கவையோனுக்கே வந்து சேரலாம். அவசரமின்றிச் செல்பவர்கள் ஐந்தாறு நாட்களில் இதனை முடிக்கலாம்.

மலையேற அஞ்சுவோர்க்கும் குழந்தைகளோடு செல்வோர்க்கும் வேறொரு வழி உண்டு. கலவோன் ஆற்றை ஒட்டி முன்னாளில் இரயில் ஓடிய பாதை அது. இருப்புப்பாதை கைவிடப்பட்டபின், அதன் மேட்டைச் செப்பனிட்டுச் சைக்கிள்களுக்கும் நடப்போர்க்கும் உரிய பாதையாக்கினார்கள். இரயிலுக்கென்று வெட்டிய வழியாதலின் கடும் ஏற்றம் எங்கும் இல்லை. ஆப்ட் நகரில் சனிக்கிழமைதோறும் பெருஞ்சந்தை கூடுகிறது. சர்க்கரைப்பாகில் ஊறிய பழங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அண்மையிலுள்ள ரூசியோன் ஊரின் செங்குத்தான பாறைகளில், மஞ்சள் முதல் செம்மைவரை காவிக்கல்லின் எல்லா நிறங்களையும் காணலாம்.

இப்பாதையில் ஆப்ட் நகரை அடையுமுன் ஒரு பழைய பாலம் குறுக்கிடுகிறது. ஜூலியன் பாலம் என்பது அதன் பெயர். கி.மு. 3ஆம் ஆண்டளவில், இத்தாலியையும் ஸ்பெயினையும் இணைத்த பெருவழியில் உரோமானியர் இதனைக் கட்டினர். மூன்று வளைவுகள் கொண்டது. வெள்ளம் பெருகும்போது நீர் தடையின்றிப் பாய்வதற்காகத் தூண்களிலேயே திறப்புகள் வைத்திருக்கிறார்கள். மாட்டுவண்டிக் காலத்தையும் குதிரைவண்டிக் காலத்தையும் கடந்து, 2005ஆம் ஆண்டுவரை மோட்டார் வண்டிகளும் இதன் மேலேயே சென்றன. அவ்வாண்டில் அருகே புதிய பாலம் ஒன்று கட்டி வண்டிகளை அதன்மேல் திருப்பினார்கள். இரண்டாயிரம் ஆண்டு உழைத்த பாலம் இப்போது நடப்போரையும் சைக்கிளில் வருவோரையும் மட்டுமே சுமக்கிறது.

போன்யூ என்னும் ஊருக்கு மேலே மலைமுகட்டில் ஒரு தேவதாருக் காடு உண்டு. சிம்லாவிலும் முசூரியிலும் தேவதாருவைக் கண்ட நேயர்களுக்கு அம்மரம் புதியதன்று. ஆனால் அங்கே வளர்ந்திருப்பது நம் இமயத்து மரத்தின் நெருங்கிய உறவான அட்லஸ் தேவதாரு. 1861இல், கடல் கடந்து வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவிலிருந்து கொணர்ந்த விதைகளை அம்மலையில் விதைத்தார்கள். மரங்கள் அற்று மண் அரித்துக் கிடந்த முகட்டில் அவை வேரூன்றின; தாமே விதை சிந்திப் பரவின. இன்று அந்நாட்டார் அக்காட்டைத் தம் பெருமைகளுள் ஒன்றாகக் கருதுகின்றனர். காட்டினூடே செல்லும் தார்ச்சாலையை ஒரு தடுப்போடு நிறுத்தி, அதற்கப்பால் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை என்று விதித்திருக்கிறார்கள். ஏறி வந்த களைப்புத் தீர, காற்றின் ஓசையைத் தவிர வேறோர் ஓசையும் இன்றி அங்கே சைக்கிளில் செல்லலாம்.

இனி, இவ்வமைதியின் மறுபக்கத்தையும் காண்போம். மலையடியில் ஒப்பேத் என்னும் பழைய ஊர் இருக்கிறது. பாறைமேல் கோட்டையும் மாதா கோயிலும், கீழே அடுக்கடுக்காக வீடுகளும் கொண்ட ஊர். உழவுக்கும் போக்குவரத்துக்கும் சமவெளியே ஏற்றது என்று கருதிய குடும்பங்கள் ஒவ்வொன்றாக இறங்கிச் சென்று புதிய ஊர் அமைத்துக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய ஊர் பாழாயிற்று, கூரைகள் விழுந்தன, தெருக்களில் அத்திமரங்கள் முளைத்தன. போர்க்காலமாகிய 1940இல், பெர்னார் சேர்ஃபுஸ் என்னும் கட்டடக் கலைஞரும் அவருடைய தோழர்களும் அப்பாழூரில் அடைக்கலம் புகுந்தனர். பின்னர்ச் சிற்சில குடும்பங்கள் வந்து வீடுகளைச் செப்பனிட்டன. இன்று அங்கே மீண்டும் விளக்கு எரிகிறது.

மலையின் தென்புறத்தில் உள்ள மெரிந்தோல் ஊரின் கதை இதனினும் கொடியது. கொள்ளைநோயாலும் போராலும் மக்கள் குன்றிப்போன இவ்வூர்களில் நிலத்தைத் திருத்துவதற்கென, பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆல்ப்ஸ் மலைப்பகுதி உழவர்களை நிலக்கிழார்கள் அழைத்துக் குடியமர்த்தினர். வந்தவர்களுட் பலர் வால்தேனியர் எனப்படும் தனிச் சமயநெறியினர். தரிசாய்க் கிடந்த நிலத்தை அவர்கள் விளைநிலமாக்கினர். ஆயினும் 1545ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒப்பேத்தின் பிரபுவாகிய ழான் மேனியே நடத்திய படை, சமய வேற்றுமையைக் காரணமாகக் காட்டி மெரிந்தோலையும் பிற ஊர்களையும் எரித்தது. மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். குன்றின்மேல் இடிந்து நிற்கும் சுவர்கள் இன்றும் அதற்குச் சான்று. சைக்கிளில் வருவோர் பலர் அங்கே சற்று நேரம் இறங்கி நின்றுவிட்டே மேற்செல்கின்றனர்.

மெரிந்தோலுக்குக் கிழக்கே உள்ள லூர்மாரேன் ஊரில்தான் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அல்ஜீரியாவில் பிறந்த அவர், 1957இல் நோபெல் பரிசு பெற்று, அடுத்த ஆண்டில் இவ்வூரில் வீடு வாங்கினார். 1960 ஜனவரி 4ஆம் நாள், இங்கிருந்து பாரிசுக்குச் செல்லும் வழியில் மோட்டார் விபத்தில் இறந்தார். மலையை ஊடறுத்து இவ்வூருக்கு வரும் கணவாய்ச் சாலை அழகியது, ஆனால் குறுகலும் வளைவும் உடையது, கார்களும் செல்வது. அங்கே சைக்கிளில் வருவோர் கவனமாக இருத்தல் வேண்டும்.

இப்பயணத்திற்கு ஏற்ற காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஆகும். வசந்தத்தின் தொடக்கத்தில் செர்ரித் தோட்டங்கள் பூக்கும். ஜூன் கடைசியில் லாவெண்டர் வயல்கள் நீலம் போர்த்தும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நண்பகல் வெயில் கடுமையானது. விடியலில் புறப்பட்டு உச்சிவேளைக்குமுன் நிழல் சேர்வது நலம். வடமேற்கிலிருந்து மிஸ்த்ரால் என்னும் வறண்ட காற்று சில நாட்களில் சூறைபோல் வீசும். ஆகவே வடபுறத்தில் மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வோர்க்குக் காற்று முதுகில் கைகொடுக்கும். ஊர்த் தெருக்களில் நீரூற்றுகள் உண்டு. குடிக்கத் தகாத நீர் என்று பலகை எழுதியிருப்பின் அதனை மதித்தல் வேண்டும். ஏற்றங்கள் கடினமாகத் தோன்றுவோர் மின்விசையால் இயங்கும் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

யாவற்றினும் முக்கியமானது தீ. கோடையில் காய்ந்த பைன் மரங்களும் புதர்களும் ஒரு பொறியால் பற்றிக்கொள்ளும். மிஸ்த்ரால் வீசினால் மலைமுழுதும் பரவும். ஆதலால் கோடை மாதங்களில், அபாயத்தின் அளவை நாள்தோறும் கணித்து, காட்டுவழிகளைத் திறப்பதா மூடுவதா என்று அதிகாரிகள் அறிவிக்கின்றனர். முதல்நாள் மாலையே அவ்வறிவிப்பைப் பார்த்துக்கொண்டு புறப்படுவது பயணியின் கடமை. உலகெங்கும் வெப்பம் மிகுந்துவரும் இக்காலத்தில் மூடப்படும் நாட்களும் பெருகக்கூடும். நடப்பட்ட காடும் காக்கப்பட்ட பாதையும் ஒரே பிற்பகலில் சாம்பலாகிவிடலாம் என்பதை அம்மக்கள் நன்கு அறிவர்.

ஆகவே, ஒரு சாலை இரு வகையில் அமைதி பெறுகிறது. மக்கள் விட்டுச் சென்றமையால் வருவது ஒரு வகை; மக்கள் கூடி முடிவுசெய்து காத்தமையால் வருவது மற்றொரு வகை. லூபெரோன் இரண்டையும் கண்டது. பாழான ஊரின் அமைதியையும் கைவிட்ட இருப்புப்பாதையின் அமைதியையும் வேறுவகை அமைதியாக மாற்றிக்கொண்டதே அவர்கள் செய்த செயல். பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்துள்ள நேயர்கள், விடுமுறையில் திரும்பும்போது ஓசையடங்கிக் கிடக்கும் தம் ஊர்த் தெருவை எண்ணிப் பார்ப்பார்களாயின், இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவை நன்கு உணர்வார்கள்.

நாம் குடியேறிய நகரங்களிலும் இதற்கு வழியில்லாமற் போகவில்லை. பம்பாய்க்கு அருகில் மாதேரான் மலையூரில், கார்கள் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்படுவதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். தில்லியை அடுத்த குருகிராமில் 2013ஆம் ஆண்டில், ஞாயிறு காலைகளில் சில சாலைகளில் மோட்டார் வண்டிகளை நிறுத்தி, நடப்போர்க்கும் சைக்கிள்களுக்கும் திறந்துவிடும் வழக்கம் தொடங்கப்பட்டது. ஊரார் கூடி ஒரு சாலையை ஒரு காலைப் பொழுதுக்கேனும் இவ்வாறு விடுவித்துக்கொண்டால், நம் குழந்தைகளும் அச்சமின்றிச் சைக்கிள் ஏறப் பழகுவார்கள்.