ஒன்பது பேரில் ஒருவர்

சியாட்டில் நகரசபைக்கு மொத்தம் ஒன்பது அங்கத்தினர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ஓட்டு.

அந்த ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு, 2014 முதல் 2023 வரை பத்து ஆண்டுகள், அமெரிக்காவின் பெரிய முதலாளிகளை நிம்மதியாக இருக்கவிடாமல் செய்தார் ஒரு பெண்மணி. அவர் பெயர் க்ஷமா ஸாவந்த். "ஸாவந்த்" என்பது மராத்திப் பெயர். ஆனால் அவர் பிறந்தது தமிழ்க் குடும்பத்தில்!

க்ஷமா என்றால் பொறுமை என்று பொருள். அவருடைய எதிரிகள் மட்டுமல்ல, நண்பர்கள்கூட அவரிடம் அந்தக் குணம் உண்டு என்று சொல்ல மாட்டார்கள்.

பம்பாயில் வளர்ந்தவர்

1973-ல் புனாவில் பிறந்தார். வளர்ந்தது பம்பாயில். தந்தை என்ஜினீயர், தாயார் பள்ளிக்கூட ஆசிரியை. க்ஷமாவுக்கு 13 வயதாக இருந்தபோது, குடிபோதையில் ஒருவன் ஓட்டிவந்த வண்டி மோதி தந்தை இறந்துபோனார்.

பம்பாய் சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் படிப்பு. பிறகு அமெரிக்கா. கம்ப்யூட்டர் தெரிந்த பெண்ணுக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமா? ஆனால் உலகத்திலேயே பணக்கார நாட்டிலும் தெருவில் படுத்து உறங்கும் மக்களைக் கண்டார். இது எப்படி என்ற கேள்வி அவரைப் பொருளாதாரம் படிக்க வைத்தது. 2009-ல் டாக்டர் பட்டம் பெற்றார். சியாட்டிலில் கல்லூரி ஆசிரியையாக வேலை பார்த்தார். 2010-ல் அமெரிக்கப் பிரஜை ஆனார்.

மூன்றே ஆண்டுகளில் நகரசபைத் தேர்தலில் நின்றார். சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே நின்றார். அமெரிக்காவில் அந்தச் சொல்லைச் சொல்லி ஓட்டுக் கேட்பது, நம் ஊரில் வரி போடுவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்பது போல! எதிர்த்து நின்றவர் 16 ஆண்டுகளாக அங்கத்தினராக இருந்த ரிச்சர்ட் கான்லின். அவரை 3,000-க்குச் சற்று அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். நகரம் முழுவதும் ஓட்டுப் போடும் தேர்தலில் ஒரு சோஷலிஸ்ட் ஜெயித்தது, 1916-க்குப் பிறகு சியாட்டிலில் அதுதான் முதல் தடவை.

அங்கத்தினரின் சம்பளம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். அதில் 40 ஆயிரம் டாலர்தான் தமக்கு என்றார். மிச்சம் போராட்ட நிதிக்குப் போயிற்று.

மணிக்கு 15 டாலர்

அவருடைய முதல் கோரிக்கை, தொழிலாளிக்கு மணிக்குக் குறைந்தது 15 டாலர் கூலி. அப்போது அந்த ராஜ்யத்தில் இருந்த கூலி 9 டாலர் 32 செண்ட். நடக்காத காரியம் என்றார்கள். 2014 ஜூன் 2-ந் தேதி நகரசபை ஏகமனதாக அதை நிறைவேற்றியது! பெரிய கம்பெனிகளுக்கு முதலில், சிறிய கடைகளுக்குச் சில ஆண்டுகள் கழித்து என்று தவணை கொடுத்தார்கள். பெரிய கம்பெனிகளுக்குத் தவணை கூடாது என்று ஸாவந்த் வாதாடித் தோற்றார்.

ஒரு ஓட்டு ஒன்பது ஓட்டு ஆனது எப்படி? சபைக்குள் சமாதானம் பேசி அல்ல. ஓட்டல் சிப்பந்திகளையும் வாடகைக்குக் குடியிருப்போரையும் சபைக்கு அழைத்துவந்து உட்கார வைத்தார். கையில் சிவப்பு அட்டைகள். அவர்களைப் பார்த்துக்கொண்டே "முடியாது" என்று கை தூக்குவது மற்ற அங்கத்தினர்களுக்குச் சங்கடமாக இருந்தது. இது பேரம் அல்ல, மிரட்டல் என்று குறைப்பட்டவர்களும் உண்டு.

எப்போதும் வெற்றி கிட்டவில்லை. வீடற்றவர்களுக்கு வீடு கட்ட, பெரிய கம்பெனிகள் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 275 டாலர் வரி கட்ட வேண்டும் என்று 2018 மே மாதம் நகரசபை முடிவு செய்தது. அமேஸான் கம்பெனிக்குத் தலைமைக் காரியாலயமே சியாட்டில்தான். அது கண்ணை உருட்டியது. ஒரு மாதத்திற்குள் அதே சபை அதே வரியை ரத்து செய்தது! கூடாது என்றவர்கள் இருவர். அதில் ஒருவர் ஸாவந்த்.

2019 தேர்தலில் தனக்குப் பிடித்த அபேட்சகர்களுக்காக அமேஸான் 15 லட்சம் டாலர் கொடுத்தது. முதல் நாள் எண்ணிக்கையில் ஸாவந்த் பின்தங்கினார். தபாலில் வந்த ஓட்டுகளை எண்ண எண்ண நிலைமை மாறியது. ஜெயித்தார். அடுத்த ஆண்டு வேறு உருவத்தில் வரியும் வந்தது.

310 ஓட்டு

2021 டிசம்பரில் பதவிக்கே ஆபத்து. அவரைத் திரும்ப அழைக்க ஓட்டெடுப்பு! போராட்டக்காரர்களுக்கு இரவில் நகரசபைக் கட்டிடத்தைத் திறந்துவிட்டார். மேயர் வீட்டுக்கு ஊர்வலம் போனார். காரியாலயப் பணத்தைப் பிரசாரத்துக்குச் செலவிட்டார் என்பன குற்றச்சாட்டுகள். கடைசியில் சொன்ன தவறை அவரே ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தார். சுமார் 41 ஆயிரம் ஓட்டுகள் பதிவாயின. 310 ஓட்டில் தப்பினார்.

கடல் கடந்த ஜாதி

2023 ஜனவரியில், இனிப் போட்டியிடுவதில்லை என்று அறிவித்தார். ஆனால் கையில் ஒரு மசோதா மிச்சம் இருந்தது.

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்ய ஆயிரக்கணக்கான இந்தியர்கள் சியாட்டில் வட்டாரத்துக்கு வந்தார்கள். ஜாதியும் விமானம் ஏறி வந்துவிட்டது என்று தலித் ஊழியர்கள் சொன்னார்கள். "உன் முழுப் பெயர் என்ன?" "சாப்பாடு சைவமா, அசைவமா?" என்ற சாதாரணக் கேள்விகள்தான். கேட்பது எதற்காக என்பது கேட்கப்படுபவருக்குத் தெரியும். அமெரிக்க அதிகாரிக்குத்தான் தெரியாது. பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஸாவந்த், ஜாதி பார்ப்பதைத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. இருக்கிற சட்டமே போதும். இந்துக்களைத் தனியே குறிவைப்பது அநியாயம் என்று இந்திய வம்சாவளியினர் பலர் கொதித்தனர். ஆதரித்தவர்களிலும் இந்துக்கள் பலர். நூற்றுக்கு மேற்பட்டோர் பேசப் பெயர் கொடுத்தனர். பிப்ரவரி 21-ந் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 6, எதிர்ப்பு 1. ஜாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் என்று சியாட்டில் பெயர் பெற்றது.

அதே ஆண்டு காலிபோர்னியா சட்டசபை இதே போன்ற மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஆண்டு முடிவில் ஸாவந்த் பதவியை விட்டு இறங்கினார்.

சியாட்டிலில் வேலை கொடுப்பதிலோ, வீடு வாடகைக்கு விடுவதிலோ ஜாதி பார்த்தால், நகரத்தின் உரிமைக் காரியாலயத்தில் புகார் கொடுக்கலாம்.