முந்தானையிலிருந்து நாற்றங்காலுக்கு

காஞ்சிபுரத்தில் வயதான நெசவாளி ஒருவரிடம் மயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு நேரே தறிக்குத்தான் போகும். முந்தானையில் மயில் சக்கரம், உடலெங்கும் மயில் புட்டா, பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓட்டி, நீலமா பச்சையா என்று கண்ணை மயங்க வைக்கும் மயில்கழுத்து. உண்மையான மயிலின் கழுத்திலும் நீலச் சாயம் கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிகிற நிறம் அது. நெசவாளி கண்ட உபாயம் பறவையின் உபாயத்துக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

தறியை விட்டால் கோயில். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவே குமரகோட்டம். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடிய இடம். சூரபத்மன் ஒரு கூறு மயிலாகவும் ஒரு கூறு சேவலாகவும் ஆன கதையை இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அப்படிப்பட்ட ஊரில், மயில் எங்கே முட்டையிடும், குஞ்சை எப்படி வளர்க்கும் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. மயில் என்றால் பட்டில் இருக்கும், வாகனத்தில் இருக்கும். காட்டு மயிலைப் பார்க்க விராலிமலைப் பக்கம் போக வேண்டும் என்பதுதான் அன்றைய நினைப்பு.

இன்று உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் போய் மயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நாற்றங்காலைப் பற்றிய புலம்பல்தான் முதலில் வரும். முளைகட்டிய விதைநெல்லைத் தெளித்துவிட்டு வந்தால், விடியலில் கூட்டமாக இறங்கிக் கிளறிவிடுகிறது. நிலக்கடலையும் தப்பாது. வயலைச் சுற்றிக் கழி நட்டுப் பழைய புடவைகளைக் கட்டி வைக்கிறார்கள். பட்டுப் புடவை அல்ல, சாயம் போன நைலக்ஸ்தான். மயிலைப் புடவைக்குள் நெய்து பேர் வாங்கிய மாவட்டத்தில், மயிலைத் தடுக்கப் புடவை கட்டுகிறார்கள்.

வயற்காட்டில் பழகினால், தோகை விரித்த ஆண் மயில் அந்தக் குடும்பக் கதையில் எவ்வளவு சின்னப் பாத்திரம் என்பது விளங்கும். ஆடுவான், இணைவான், அத்தோடு சரி. கூடு தேடுவதும் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெட்டை ஒருத்தியின் பாடு. தென்னிந்தியாவில் இனப்பெருக்கம் சூடுபிடிப்பது ஏப்ரல், மே மாதங்களில். மழையைப் பொறுத்து முன்பின் ஆகும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் அதுதான் சொர்ணவாரிப் பட்டத்துக்கு விதை விடும் நேரமும்.

கூடு என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. புதரடியில் மண்ணைக் காலால் சீய்த்து ஒரு குழி, அதில் கொஞ்சம் சருகு. பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு முட்டை, வெளிறிய சந்தன நிறத்தில். ஏறக்குறைய 28 நாள் அடைகாக்கிறது. மண்ணோடு மண்ணாகத் தெரியும் பழுப்பு முதுகுதான் அதற்குப் பாதுகாப்பு. இரண்டடி தள்ளி நடந்து போகிறவர் கண்ணுக்குக்கூடத் தப்பிவிடும். இரை பொறுக்கச் சற்று நேரம் எழுந்து போகும்போதுதான் கீரியும் உடும்பும் காக்கையும் முட்டையைக் குறிவைக்கின்றன.

பொரித்த குஞ்சு, புறாக்குஞ்சுபோலக் கண்மூடிக் கிடப்பதில்லை. உடம்பு உலர்ந்த சில மணி நேரத்தில் தாயின் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும். பூச்சியையோ தானியத்தையோ தாய் அலகில் பிடித்துக் காட்ட, குஞ்சு அதைக் கொத்தி எடுத்துக்கொள்கிறது. முதல் வாரங்களில் அதற்கு வேண்டியது பூச்சிதான். ஆகவே வரப்போரம் மருந்தடித்தால் குஞ்சின் உணவும் அதோடு போகிறது. ஓரிரு வாரத்தில் படபடத்துத் தாழ்ந்த கிளைக்கு ஏறிவிடும். இரவில் தாயின் இறக்கைக்கு அடியில் தங்கும். பிறகு புளியமரம், பனை, மின்கோபுரம் என்று உயரம் கூடும். விடிந்தால் இறங்குவது, மேய்வது, புழுதியில் புரள்வது, வெயிலேறினால் நிழலில் ஒதுங்குவது, சாயங்காலம் குட்டைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பது. ஆண் குஞ்சுக்குத் தோகை முழுதாக வளர மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். சின்ன வயதில் அதையும் பெட்டை என்றே நினைத்துக்கொள்வோம்.

இவ்வளவு மயில் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் காட்டு வான்கோழிக்கு இதுபோல் ஒரு கதை உண்டு. வேட்டையாலும் காடழிப்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்குப் போன அந்தப் பறவையை, வனவிலங்குத் துறையினர் வலை போட்டுப் பிடித்துப் புதிய இடங்களில் விட்டுப் பெருக்கினார்கள். இன்று பல லட்சக்கணக்கில் இருக்கிறது. பாஸ்டன் தெருக்களில்கூடத் திரிகிறது. இங்கே மயிலை யாரும் கொண்டுவந்து விடவில்லை. 1963இல் தேசியப் பறவை ஆனது; 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்தது. வேட்டை குறைந்ததற்கு அது காரணம். மற்றவை நம் நிலம் மாறிய கதை.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை ஓடத் தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏர் பூட்டிய நிலங்கள் வரிசையாக மனைகளாயின. கல் நட்டு விற்றுவிட்டு வீடு கட்டாமல் கிடக்கும் மனையில் சீமைக்கருவேலம் மண்டியது. கூடு வைக்க அதைவிட நல்ல மறைப்பு மயிலுக்கு எங்கே கிடைக்கும்? ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே ஊளையிட்ட நரிகளோ அரிதாகிவிட்டன. 2023இல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை எடுத்துக்கொண்டது. பல பறவைகள் சரிந்துகொண்டிருக்க, மயில் வேகமாகப் பெருகுவதாக அது சொல்கிறது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் சாலிம் அலி பறவைக் கணக்கெடுத்தபோது மயில் கண்ணில் படவில்லை. இன்று கேரளம் முழுக்க இருக்கிறது. மண் வறண்டு வருவதற்கு அதுவும் ஓர் அடையாளம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மயில் கூடியதைக் காடு செழித்ததாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

விவசாயியின் கோபத்தையும் தள்ளிவிட முடியாது. சட்டம் பறவையைக் காக்கிறது, நாற்று போன நஷ்டம் அவர் தலையில் விழுகிறது. அந்த நஷ்டத்தை அரசு ஏற்பதுதான் நியாயம். ஆனால் தானியத்தில் விஷம் கலந்து வைப்பது ஒருபோதும் தீர்வாகாது. குறைந்தது மூன்றாண்டுச் சிறை என்பதோடு, கவுதாரியும் காடையும் சேர்ந்து சாகும்.

கூடு கண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டையை எடுத்துவந்து வீட்டுக் கோழிக்கு அடியில் வைக்காதீர்கள்; அது குற்றம். அறுவடை இயந்திரத்தை இறக்கும் முன் வரப்போரம் ஒரு சுற்று நடந்து பாருங்கள். அடையிருக்கும் புதரை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். கூடு சிதைந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பொரித்த ஓரிரு நாளில் பெட்டை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு புதரை வெட்டிக்கொள்ளலாம்.